தம்பி குடித்துவிட்டு பைக் ஓட்டுகிறான், என்ன சொன்னால் கேட்பான்?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. இன்ஜினியரிங் முடித்து நல்ல வேலையில் இருக்கிறான். சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு குடித்துவிட்டு பைக்கில்தான் வீட்டுக்கு வருகிறான். கேட்டால் "நான் ஸ்டெடிக்கா, ரெண்டு கிலோமீட்டர்தானே" என்கிறான். அவன் நண்பர்களும் அப்படித்தான். படித்த பையன்களே ஏன் இப்படி? என்ன சொன்னால் கேட்பான்?

பதில்:

இருபது வருடமாக மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிறேன். எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் என்று வரும் கட்டுகளில் முக்கால்வாசி இருபதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்காரர்களுடையவை. கட்டோடு வருகிற நண்பர்களிடம் "ஏம்பா, அன்னைக்கு ராத்திரி அவனை ஓட்ட விட்டீங்க?" என்று கேட்காமல் இருந்ததில்லை. ஆகவே நான் சொல்லப்போவதில் கொஞ்சம் சட்டம், அதைவிட அதிகமாக அந்தப் பையன்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது.

முதலில் ஒரு திருத்தம். "எல்லாம் தெரிந்த பையன்" என்று நினைக்கிறீர்கள். குடித்துவிட்டு ஓட்டினால் ஆபத்து என்பது அவனுக்குத் தெரியும். எவ்வளவு குடித்தால் எத்தனை மணி நேரம் ஓட்டக்கூடாது என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது. நான் கேட்ட எந்தப் பையனுக்கும் தெரிந்ததில்லை, சில வக்கீல்களுக்கும்கூட.

நம் சட்டத்தில் வரம்பு 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால். இப்போது ஒரு குவார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 180 மி.லி., அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கிராமில் சொன்னால் அறுபது. எழுபது கிலோ எடையுள்ள ஆணின் ரத்தத்தில் இது ஏறத்தாழ 120 மி.கி. வரை ஏற்றிவிடும். அதாவது வரம்பைப் போல நான்கு மடங்கு. கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மி.கி. வீதம்தான் குறைக்கும், அதை யாராலும் அவசரப்படுத்த முடியாது. 120 குறைந்து 30-க்கு வர ஆறு மணி நேரம். பத்து மணிக்குக் கடை மூடும்போது குடித்து முடித்தவன் விடிகாலை நாலு மணிக்குத்தான் சட்டப்படி வண்டியைத் தொடலாம். ஒரு ஹாஃப் பாட்டிலை ஒருவனே காலி செய்திருந்தால் 240-ஐத் தாண்டும். அவன் மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கும் வரம்புக்கு மேலேதான் இருப்பான். ஆளுக்கு ஆள், சாப்பாட்டுக்குச் சாப்பாடு இது கொஞ்சம் மாறும். ஆனால் நம் பையன்கள் நினைக்கிற அளவுக்கு மாறாது.

இந்தக் கணக்கில் என்னை எப்போதும் உறுத்துவது ஞாயிற்றுக்கிழமை காலை. சனி ராத்திரி ஹாஃபைக் காலி செய்து, நண்பன் ரூமிலேயே தூங்கிவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்த பையனிடம், "கறிக்கடையில் கூட்டம் சேர்றதுக்குள்ள போயிட்டு வாடா" என்று அம்மா தூக்குவாளியைக் கொடுப்பார். அவனும் குளித்திருப்பான், காபி குடித்திருப்பான், தெளிந்துவிட்டதாகவே நினைப்பான். ரத்தம் அப்படி நினைக்காது. குளியல், காபி, மோர், எலுமிச்சை ஊறுகாய், வாந்தி எல்லாமே ஆளை எழுப்பி உட்கார வைக்கும், ஆல்கஹாலைக் குறைக்காது.

பீர் கதை தனி. "பீர்தானே, அது கூல்டிரிங்ஸ் மாதிரி" என்பார்கள். நம் ஊரில் ஓடுவது பெரும்பாலும் ஸ்ட்ராங் பீர், எட்டு சதவீதம் வரை இருக்கும். 650 மி.லி. பாட்டில் ஒன்றில் நாற்பது கிராம் ஆல்கஹால், ரத்தத்தில் எண்பதைத் தாண்டும். பாதி பாட்டிலோடு எழுந்தாலும் வரம்பு தாண்டியாயிற்று.

அப்புறம் அந்த "ஸ்டெடி". உங்கள் தம்பி பொய் சொல்லவில்லை, அவனுக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றும். கால் தடுமாறுவதற்கு ரொம்ப முன்னாலேயே குடி தின்றுவிடுவது, தான் எப்படி இருக்கிறோம் என்று எடைபோடுகிற புத்தியைத்தான். அடிக்கடி குடிக்கிறவனுக்கு நடை தள்ளாடாது, பேச்சு குழறாது. ஆனால் திடீரென்று நாய் குறுக்கே வந்தால் பிரேக்குக்குக் கை போக அரை நொடி கூடுதலாக எடுக்கும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அரை நொடி என்றால் எட்டு மீட்டருக்கு மேல். இரண்டு கார் நீளம்.

ஆனால் இந்தக் கணக்கை எல்லாம் சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு அவனிடம் சொல்லிப் பயனில்லை. நீங்கள் கேட்ட "ஏன்" இங்கேதான் இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவதா வேண்டாமா என்ற முடிவை அவன் பாரில் எடுப்பதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு, தெளிந்த புத்தியோடு, வீட்டு வாசலில் வண்டிச் சாவியைக் கையில் எடுத்தபோதே எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் சாக்குத் தேடல். வண்டியை இங்கேயே விட்டால் திருடு போகும், பெட்ரோலை உறிஞ்சிவிடுவார்கள், காலையில் வேலைக்கு வேண்டும், ஆட்டோக்காரன் இருநூறு கேட்கிறான். பக்கத்தில்தானே வீடு. எல்லாமே கேட்க நியாயமாகத்தான் இருக்கும். குடித்தவனுக்கு இன்னும் நியாயமாக இருக்கும்.

என்னிடம் வருகிற நண்பர்கள் சொல்வதில் திரும்பத் திரும்ப வருகிற இன்னொரு விஷயம் உண்டு. நாலு பேர் கூட்டத்தில் ஒருவனுக்காவது "இவன் ஓட்ட வேண்டாம்" என்று தோன்றியிருக்கும். சொல்லியிருக்க மாட்டான். "மத்தவனுங்க ஒண்ணும் சொல்லலையே சார்." மற்ற இருவரும் இதையே நினைத்து வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். ஆளாளுக்கு மற்றவர்கள் தைரியசாலிகள் என்று நினைத்துக்கொள்கிற கூட்டம் அது. வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு அவர்கள் எல்லாரும் அலட்சியமாகத் தெரிவார்கள். தனித்தனியாக உட்காரவைத்துப் பேசினால் பாதிப் பேருக்காவது உள்ளுக்குள் உதறல் இருந்திருக்கும்.

அமெரிக்காவில் 1988-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் ஒரு பிரசாரம் தொடங்கினார்கள். கூட்டத்தில் ஒருவர் அன்றைக்குக் குடிக்காமல் இருந்து மற்றவர்களை வீட்டில் விடுவது என்ற பழக்கத்தை டி.வி. தொடர்களுக்குள்ளேயே நுழைத்தார்கள், அங்கே நன்றாகப் பிடித்துக்கொண்டது. நம்மிடமும் அப்படி ஒருவன் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. குடிக்க மாட்டான், சைடிஷ்ஷை மட்டும் காலி பண்ணுவான், அதற்காகவே திட்டு வாங்குவான். ஆனால் அங்கே நாலு பேருக்கு ஒரு கார். இங்கே நாலு பேருக்கு மூன்று பைக். சைடிஷ்காரன் ஒரே ஒருவனைத்தான் பின்னால் ஏற்றிக்கொண்டு போக முடியும். மிச்ச இரண்டு வண்டிகளும் குடித்தவன் கையில்தான். அந்த யோசனையை அப்படியே இங்கே கொண்டுவந்து போஸ்டர் ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நம் ஊருக்கு வேண்டியது, கூடும் இடத்துக்கு வண்டி இல்லாமல் போவது. போகும்போதே பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பைக் டாக்ஸியோ பிடித்துப் போனவனுக்குத் திரும்பும்போது சாக்குச் சொல்ல எதுவும் இருக்காது.

எண்ணிக்கையும் சொல்லிவிடுகிறேன், தம்பி அதைக் காட்டி வாதாடலாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் நாடு முழுக்கச் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் நமக்கு. நாடு முழுக்க இறந்தவர்களில் குடிபோதை காரணம் என்று பதிவானது சுமார் இரண்டரை சதவீதம்தான். "பார்த்தியாக்கா, குடியால சாகுறவன் ரொம்பக் கம்மி" என்பான்.

அந்த இரண்டரை சதவீதத்தை நான் நம்புவதில்லை. எஃப்.ஐ.ஆர். எழுதும்போது ஒரு வாய்ப்பாடு உண்டு: "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து". எல்லா விபத்தும் அந்த வாய்ப்பாட்டுக்குள் போய்விடும். அமைச்சகக் கணக்கில் எழுபது சதவீதத்துக்கும் மேல் அதிவேகம் என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. ஏன் அதிவேகமாக ஓட்டினான் என்று அந்தக் கட்டத்தில் யாரும் எழுதுவதில்லை. இன்னொரு பக்கம், அடிபட்டவனைக் கொண்டுவந்த சொந்தக்காரர்கள் டூட்டி டாக்டரிடம் "ஸ்மெல் இருக்குன்னு மட்டும் எழுதிடாதீங்க சார்" என்று கெஞ்சுவது கேஷுவாலிட்டியில் வேலை செய்த எவருக்கும் பழகிய காட்சி. புனேயில் 2024 மே மாதம் பதினேழு வயதுப் பையன் ஓட்டிய சொகுசு கார் மோதி பைக்கில் போன இரண்டு இளம் இன்ஜினியர்கள் இறந்தார்களே, 300 வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி ஜாமீன் கொடுத்தார்களே, அந்த வழக்கில் ரத்த மாதிரியையே மாற்றிவிட்டதாக மருத்துவர்கள் கைதானார்கள். கெஞ்சல், பணம் வந்தால் அப்படியும் போகும்.

ஏன் கெஞ்சுகிறார்கள் என்றால், இன்ஷூரன்ஸ். தம்பியிடம் நீங்கள் பேச வேண்டிய இடம் இதுதான் என்பது என் அனுபவம். சாவைப் பற்றிப் பேசினால் இருபத்துமூன்று வயதுக்கு உறைக்காது. கடனைப் பற்றிப் பேசினால் உறைக்கும்.

பைக் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கு 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு கட்டாயம். போதையில் ஓட்டியிருந்தால் அது கிடையாது. தானாகப் போய் மீடியனில் மோதி இறந்தவன் குடும்பத்துக்கு வரவேண்டிய ஒரே தொகை அதுதான், அதுவும் போய்விடும். அடுத்தவர்மேல் மோதியிருந்தால் இன்னும் மோசம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, வண்டி ஓட்டியவர் போதையில் இருந்தார் என்பதையே காப்பீட்டு நிறுவனம் ஒரு எதிர்வாதமாக வைக்கலாம். கோர்ட் பல வழக்குகளில் என்ன செய்யும் என்றால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நிறுவனமே கொடுக்கட்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சொல்லும். உரிமையாளர் யார்? ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். பாதி வீடுகளில் அப்பா பெயரில் இருக்கும். "மச்சி, வண்டியைக் குடு, அஞ்சு நிமிஷத்துல சிகரெட் வாங்கிட்டு வந்துடுறேன்" என்று நண்பன் வாங்கிப் போன வண்டியாக இருந்தால், நோட்டீஸ் வண்டி கொடுத்தவன் வீட்டுக்கு வரும்.

ஊதிப் பார்க்கவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை, அதனால் தப்பிவிடலாம் என்றும் இருக்க முடியாது. டெல்லியில் 2007-ல் நடந்த ஒரு போர்ஷே கார் விபத்தின் வழக்கில் 2021-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது: பரிசோதனை இல்லாவிட்டாலும் மற்றச் சூழ்நிலைகளைக் கொண்டு போதையை நிரூபிக்க நிறுவனத்துக்கு வழி உண்டு.

அபராதத்தைப் பொறுத்தவரை, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-ன்படி முதல் தடவை 10,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000, இரண்டு வருடம் வரை. லைசென்ஸ் குறைந்தது மூன்று மாதம் சஸ்பெண்ட். மற்ற அபராதம் மாதிரி இதை ரோட்டிலேயே கட்டிவிட்டுப் போக முடியாது, கோர்ட்டுக்குப் போக வேண்டும். பையன்களுக்குப் பெரும்பாலும் தெரியாத பிரிவு 188. இந்தக் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பவருக்கும் அதே தண்டனை. 2022 அக்டோபரில் சென்னை போலீஸ் இதைக் கையில் எடுத்து, குடித்தவன் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் அபராதம் போடத் தொடங்கியது. சைடிஷ்காரன் குடிக்காமலே பத்தாயிரம் கட்டுவான். என் பார்வையில் இது நல்ல காரியம். கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தவனுக்கு வாய் திறக்க ஒரு காரணம் கிடைத்தது. "டேய், எனக்கும் ஃபைன் விழும்டா" என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் இல்லை. "பயமா இருக்குடா" என்று சொல்வதில்தான் இருக்கிறது.

அபராதத்தை ஏற்றினால் போதுமா என்றால், போதாது. 2019-க்கு முன் இரண்டாயிரமாக இருந்தது பத்தாயிரம் ஆனது. பையன்கள் செய்தது, எந்தப் பாலத்தடியில் செக்கிங் என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவது. சனிக்கிழமை, அதே சிக்னல், அதே நேரம் என்று போலீஸ் நின்றால் அது பரீட்சைக்குக் கேள்வித்தாளை முன்னாடியே கொடுப்பது போலத்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1982 டிசம்பரில், சந்தேகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் யாரை வேண்டுமானாலும், எந்தச் சாலையிலும் நிறுத்தி ஊதச் சொல்லத் தொடங்கினார்கள். எங்கே நிற்பார்கள் என்று தெரியாது என்பதுதான் அதன் பலமே, சாவு எண்ணிக்கையும் இறங்கியது. இங்கே ஹெல்மெட் கதையும் இதேதான். 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கட்டாயம் என்றதும் எல்லாரும் வாங்கினார்கள். இன்றைக்கும் அது பெட்ரோல் டேங்கின்மேல்தான் பயணம் செய்கிறது, போலீஸைக் கண்டால் தலைக்கு ஏறும், ஸ்ட்ராப் போடுவதே இல்லை. தலைக்காயத்தை 69 சதவீதமும் சாவை 42 சதவீதமும் குறைக்கிற பொருள், கைப்பை மாதிரி முழங்கையில் தொங்குகிறது. குடித்த ராத்திரியில் அது தொங்குவதும் இல்லை, பார் டேபிளுக்கு அடியில் மறந்து கிடக்கும்.

கடை இருக்கிற இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2003-லிருந்து சில்லறை விற்பனை முழுக்க அரசாங்கத்தின் டாஸ்மாக் கையில். நெடுஞ்சாலையோரக் கடைகளை எதிர்த்து இங்கிருந்து போன வழக்கில்தான் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் 500 மீட்டர் தூரத்துக்குள் கடை கூடாது என்றது. சிறிய ஊர்களுக்கு அது பிறகு 220 மீட்டராகக் குறைந்தது. 2017 ஏப்ரலில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நோக்கம் நல்லது. ஆனால் அவற்றுக்குப் பதிலாகப் பல கடைகள் ஊருக்கு வெளியே, காட்டோரம், பஸ் போகாத இடத்துக்குப் போயின. முன்பு நடந்துபோய்க் குடித்தவனுக்கு இப்போது வண்டி அவசியமாயிற்று. ராத்திரி பத்து மணிக்கு அங்கே ஆட்டோ கிடைக்காது, டவுன் பஸ்ஸின் கடைசி டிரிப் போய்விட்டிருக்கும். பாருக்கு வெளியே வரிசையாக நிற்கிற முப்பது பைக்கும் எப்படித் திரும்பும் என்று லைசென்ஸ் கொடுத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்களா? யோசித்திருப்பார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருகிறேன். கொஞ்சம் சங்கடமான கேள்வி: தம்பி குடிப்பது அப்பா அம்மாவுக்குத் தெரியுமா? தெரியாது என்றால், அவன் ஓட்டுவதற்குப் பெரிய காரணம் அதுதான். நம் வீடுகளில் குடி என்பது பேசக்கூடாத விஷயம். ராத்திரி பத்தரைக்கு அம்மா போன் பண்ணி "எங்கடா இருக்க, சீக்கிரம் வா" என்பார். ஆட்டோவில் வந்து இறங்கினால் "வண்டி எங்கே?" என்று கேள்வி வரும். நண்பன் வீட்டில் தங்கினால் "ஏன்?" என்று வரும். வண்டியில் வந்து, ஹால்ஸ் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, நேராக மாடிக்குப் போய்விட்டால் எந்தக் கேள்வியும் இல்லை. போலீஸைவிட, லாரியைவிட, அவன் பயப்படுவது ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிற அப்பாவுக்குத்தான். நான் பார்த்த வழக்குகளில் மோசமான சில, வீட்டிலிருந்து போன் வந்த பத்து நிமிடத்துக்குள் நடந்தவை.

அதனால் சண்டை போடுவதை ஒரு மாதத்துக்கு நிறுத்திவையுங்கள். குடிப்பதைப் பற்றிப் பேச நூறு நாள் இருக்கிறது, அதையும் வண்டியையும் ஒரே பேச்சில் சேர்த்தால் அவன் இரண்டையும் கேட்க மாட்டான். செவ்வாய், புதன் மாதிரி ஒரு நாளில், அவன் தெளிவாக இருக்கும்போது, மேலே சொன்ன குவார்ட்டர் கணக்கை ஒரு தாளில் அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இன்ஜினியர்தானே, தானே போட்ட கணக்கை மறுக்க மாட்டான். ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் என்று காட்டுங்கள். பிறகு ஒரே ஒரு ஒப்பந்தம்: "சனிக்கிழமை போற இடத்துக்கு வண்டி எடுக்காதே. எடுத்துட்டேன்னா, எத்தனை மணியானாலும் எனக்கு போன் பண்ணு. நானோ ஆட்டோவோ வரும். அன்னைக்கு ராத்திரி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், அப்பாகிட்டயும் சொல்ல மாட்டேன்." இந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் காப்பாற்ற வேண்டும். ஒரு தடவை மீறினால் அடுத்த போன் வராது.

இன்னொன்றையும் அவனுக்கும் அவன் நண்பர்களுக்கும் சொல்லி வையுங்கள். யாராவது அடிபட்டால், தாங்களும் குடித்திருக்கிறோம் என்று பயந்து ஓடிவிடுகிறார்கள். நிற்க வேண்டும், 108-க்கு அடிக்க வேண்டும். உதவ வந்தவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சி சொல்லும்படியோ கட்டாயப்படுத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் திட்டத்தின் வரம்புக்குள் காசு கேட்க மாட்டார்கள். ஐந்து நிமிடம் நின்ற நண்பனால் பிழைத்தவர்களின் கட்டும் என் அலமாரியில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்தவரை அந்த முதல் போன் வர இரண்டு மூன்று வாரம் ஆகும், பதினொன்றரை மணிக்கு மேல்தான் வரும். வந்தால், வண்டியை பூட்டிவிட்டு அங்கேயே விடச் சொல்லுங்கள், பார் வாட்ச்மேனிடம் ஐம்பது ரூபாய் கொடுத்தால் பார்த்துக்கொள்வார். மறுநாள் காலையில் எழுந்ததும் எடுக்க ஓட விடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு மேல் நடந்து போய் எடுத்து வரட்டும். கறிக்கு அன்றைக்கு அப்பாவை அனுப்புங்கள்.